ஒன்பது கிலோ எழுநூறு கிராம் பாக்கி

நான் அந்த ஆஸ்பத்திரிக்கு ஒன்பது கிலோ எழுநூறு கிராம் பாக்கி வைத்திருந்தேன். பணமாக அல்ல, உடம்பாக. கடன் வாங்கியதாக எனக்கு ஞாபகமில்லை. ஆனால் கணக்கு அவர்களுடைய கம்ப்யூட்டரில் இருந்தது. கம்ப்யூட்டரில் இருந்ததால் கடனும் இருந்தது.

பழைய பேப்பர் கிடங்கில் தரம் பிரிக்கிற வேலை எனக்கு. அட்டை தனி, நோட்டுத் தாள் தனி, செய்தித்தாள் தனி என்று பிரித்து மூட்டை கட்டித் தலையில் தூக்கிக்கொண்டு போய் எடை போட்டுக் கொடுக்க வேண்டும். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. "நாள் முழுக்க மூட்டை தூக்குறவளுக்கு இவ்வளவு உடம்பு எப்படிம்மா?" என்று என்னைப் பார்க்கிற எல்லாரும் கேட்டுவிடுவார்கள். கேட்டவர்களில் ஒருத்தராவது பதிலுக்காக நின்றதில்லை.

முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தது. என் வீட்டுக்காரர் பெயிண்டர். என் மூச்சு நிற்கும்போதெல்லாம் தட்டி எழுப்புவதற்காக அவர் விழித்துக்கொண்டே கிடந்தார். ஒருநாள் தூக்கக் கலக்கத்தில், வெள்ளை அடிக்க வேண்டிய வீட்டுக்கு முழுக்கப் பச்சை அடித்துவிட்டு வந்தார். அந்த வீட்டுக்காரர் போட்ட சத்தத்துக்குப் பிறகுதான் நாங்கள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம்.

சர்ஜன் நல்ல மனிதர். தன் அறையிலேயே என்னை நிறுத்தி எடை பார்த்தார். நூற்றுப் பதினெட்டு கிலோ, இருநூறு கிராம். "வயித்தைச் சின்னதாக்குற ஆபரேஷன் பண்ணலாம்மா. மூச்சு சரியாகும், முட்டிக்கும் பாரம் குறையும். அதுக்கு முன்னாடி கொஞ்சம் தயாராகணும். மாடியில அதுக்குன்னு ஒரு பிரிவு வெச்சிருக்காங்க. போயிட்டு வந்துடுங்க" என்றார்.

கடைக்குப் போய்விட்டு வருவது போலச் சொன்னார். நாங்களும் நம்பி மாடி ஏறினோம்.

நான்காவது மாடி. லிஃப்ட் இருந்தது; ஊழியர்களுக்கு மட்டும். மேலே போனதும் வாசலில் ஒரு பலகை: 'எடை குறைப்பு அறுவை சிகிச்சைக்கு முந்தைய காத்திருப்போருக்கான ஊக்கம் மற்றும் தயார்நிலைப் பிரிவு.' அதைப் படித்து முடிப்பதற்குள் எனக்கு மூச்சு சீராகிவிட்டது. பலகையை அவ்வளவு நீளமாக வைத்ததற்கு வேறு காரணம் இருக்க முடியாது.

உள்ளே வரிசையாக நாற்காலிகள். எல்லாவற்றுக்கும் இரண்டு பக்கமும் இரும்புக் கை. எங்களில் யாரும் அதற்குள் நுழைய முடியாது. எல்லாரும் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தோம்.

"கொஞ்சம் அகலமா ரெண்டு பெஞ்சு போடக் கூடாதாங்க?" என்று கேட்டேன்.

ஊக்க அதிகாரி சிரித்தார். மெலிந்தவர். பிறந்ததிலிருந்தே இப்படித்தான் என்று, பரீட்சையில் முதலாவதாக வந்ததைச் சொல்வது போல அவரே சொல்லியிருந்தார். "அந்த நாற்காலி உக்கார்றதுக்கு இல்லம்மா. அது உங்க லட்சியம். என்னிக்கு நீங்க அதுல உக்கார்றீங்களோ, அன்னிக்குத்தான் நீங்க தயார்னு அர்த்தம்."

அவர்தான் என் பாக்கியைச் சொன்னவர். ஒன்பது கிலோ எழுநூறு. ஆபரேஷனுக்கு முன்னால் அதை நான் கட்டியாக வேண்டும்.

"எதுக்குங்க?"

"எடை குறைக்க உங்களால முடியும்னு நீங்க நிரூபிக்கணும்."

"முடியலன்னுதானேங்க ஆபரேஷனுக்கு வந்திருக்கேன்?"

"முடியாதவங்களுக்கு நாங்க ஆபரேஷன் பண்றதில்லம்மா."

"முடிஞ்சவங்களுக்கு?"

"அவங்களுக்கு எதுக்கு ஆபரேஷன்?"

கேட்டதற்குப் பதில் வந்துவிட்டது. என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் சுவரைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். "நல்ல பெயிண்ட்" என்றார். "செலவு பண்ணித்தான் அடிச்சிருக்காங்க."

எடை பார்க்கிற இடம் பச்சைத் திரைக்குப் பின்னால் இருந்தது. எடைமேடையில் எண் தெரிகிற இடத்தை ஓர் அட்டையால் மூடி வைத்திருந்தார்கள். எடை பார்ப்பவர் அந்த அட்டையைத் தன் பக்கமாகக் கொஞ்சம் தூக்கிப் பார்ப்பார். பிறகு அதிகாரியின் காதில் ஏதோ கிசுகிசுப்பார். அதிகாரி ஒரு துக்கச் செய்தியைக் கேட்டவர் போலக் கண்ணை மூடித் திறப்பார்.

"எனக்கும் சொல்லுங்களேன்."

"சொன்னா மனசு உடைஞ்சிடும்மா."

"உடைஞ்சா ஒட்ட வெச்சுக்குறேங்க."

"அதுக்குத் தனி வகுப்பு இருக்கு. அதுல தேறினவங்களுக்குத்தான் நம்பர் சொல்லுவோம்."

இப்படியாக நான் வாரா வாரம் வகுப்புக்குப் போகிறவள் ஆனேன். அங்கே எனக்கு இரண்டு பேர் சிநேகமானார்கள். ஒருவர் பஸ் கண்டக்டர். பஸ்ஸுக்குள் முன்னும் பின்னும் போய்வர முடியாமல், டிக்கெட்டைப் பயணிகள் கையிலேயே கொடுத்து அனுப்பி, காசையும் அப்படியே வாங்கிக்கொள்கிறவர். இன்னொருத்தி தையல்காரம்மா. சர்க்கரை நோய் கண்ணுக்கு ஏறிக்கொண்டிருந்தது. ஊசியில் நூல் கோக்க மகளைக் கூப்பிட வேண்டியிருந்தது. இருவரும் எனக்கு வெகுநாள் மூத்தவர்கள்; வயதில் இல்லை, வகுப்பில். கண்டக்டருடைய பாக்கி, அவர் சேர்ந்தபோது இருந்ததைவிட இப்போது கூடியிருந்தது.

வகுப்பில் கை தட்டுவோம். 'நான் காத்திருக்கிறேன், நான் வளர்கிறேன்' என்று மூன்று முறை சொல்லுவோம். வளர்கிறோம் என்பது இந்த இடத்தில் சரியான வார்த்தைதானா என்று தையல்காரம்மா கேட்டதற்கு, அவளுடைய ஊக்கத்தில் இரண்டு புள்ளி குறைத்தார்கள்.

ஊக்கத்தை அளக்க 'ஊக்கமானி' என்று ஒரு கருவி இருந்தது. வட்டமான அட்டை, நடுவில் ஒரு முள். அட்டையில் மூன்று பிரிவுகள்: 'போதாது', 'போதும்', 'சந்தேகத்துக்குரியது'. அதிகாரி நம் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு முள்ளைக் கையால் திருப்பி வைப்பார். பிறகு குனிந்து, அது என்ன காட்டுகிறது என்று படிப்பார்.

ஒருநாள், மெலிந்துபோன பிறகு இருக்கப்போகிற உங்களுக்கு நீங்களே ஒரு கடிதம் எழுதுங்கள் என்றார்கள். நான் எழுத்துக் கற்றதே நாற்பது வயதுக்கு மேல், கிடங்கில் வந்து விழுந்த பள்ளிக்கூடப் புத்தகங்களை வைத்து. மெதுவாகத்தான் எழுதுவேன். 'ஒல்லியான எனக்கு' என்று தொடங்கினேன். 'நீ நல்லா இருப்பேன்னு நினைக்கிறேன். வாடகை கட்டிட்டியா? உனக்கு அளவா இருக்கிற துணியெல்லாம் எனக்குப் பத்தாது, என்னோடதை நீ பிடிச்சுப் போட்டுக்கோ. உன்னை எனக்குத் தெரியாது. மூட்டை தூக்குறது, பிள்ளையை வளர்த்தது எல்லாம் நான்தான். வந்து சேர்ந்ததும் பெரிய இவ மாதிரி பேசாதே.'

அதிகாரி படித்தார். முள்ளை எடுத்து 'போதாது'வில் வைத்தார்.

வீட்டில் ஆளாளுக்கு ஒரு பேச்சு. "ஏன் அண்ணி, என் கல்யாணத்துக்கே இவ்வளவு ஏற்பாடு பண்ணல. ஒரு வயித்தைத் தைக்கிறதுக்கு இத்தனை வகுப்பா?" என்றாள் நாத்தனார். என் வீட்டுக்காரர், "உனக்கு ஆபரேஷன் பண்றாங்களா, இல்ல அங்கயே உத்தியோகம் குடுக்கப் போறாங்களா?" என்று கேட்டார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். தயாராவது என்பது நிஜமாகவே ஒரு வேலை. அதை நாங்கள் செய்தோம். மாடியில் அல்ல, மாடிப்படிக்குக் கீழே, சைக்கிள் நிறுத்துகிற இடத்தில். அங்கே கை இல்லாத ஒரு சிமெண்டுத் திட்டு உண்டு. மூன்று பேரும் அதில் உட்கார்ந்து, அந்த வாரத்தில் யாருக்கு எது முடிந்தது, எது முடியவில்லை என்று பேசுவோம். ஆபரேஷனுக்குப் பிறகு வயிறு கைப்பிடி அளவுதான் இருக்குமாம். அதனால் இப்போதே சின்னத் தட்டில் சாப்பிடப் பழகினோம். ஒரு வாயை நன்றாக மென்று விழுங்கிய பிறகுதான் அடுத்த வாய். தண்ணீரைச் சாப்பாட்டோடு சேர்க்காமல் தனியாகக் குடிக்கப் பழகினோம். டீயில் சர்க்கரையை விட்டோம். கண்டக்டர் அதற்கு மட்டும் அழுதார். "சம்சாரம் கோச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போனப்ப கூட நான் இப்படி அழலம்மா" என்றார்.

"அவங்க திரும்பி வந்துடுவாங்கன்னு தெரியும். சர்க்கரை வராதுல்ல" என்றாள் தையல்காரம்மா.

கிடங்குக்கு பஸ்ஸில் போவதை நிறுத்தினேன். என் வீட்டுக்காரர் பெயிண்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு கூடவே நடப்பார். முட்டி வலித்தால் டப்பாவைக் கவிழ்த்துப் போடுவார், அதில் உட்காருவேன். அந்த டப்பா எந்த லட்சியமும் பேசாது. நான் உட்கார்ந்தால் தாங்கும்.

பாவாடை நாடா இரண்டு விரல் உள்ளே போனது. மாடியில் மட்டும் பாக்கி தீரவில்லை.

பிரிவு தொடங்கி வருடம் நிறைந்ததற்கு ஒரு விழா எடுத்தார்கள். இயக்குநர் லிஃப்டில் வந்தார். மேசை நிறையக் கேக். ஊழியர்கள் சாப்பிட்டார்கள், நாங்கள் சுவரோரமாக நின்று அதைப் பார்த்தோம். அது எங்களுக்கான மனவுறுதித் தேர்வு என்று அதிகாரி விளக்கினார். வாயைத் துடைத்துக்கொண்டவருக்கு ஒரு புள்ளி போயிற்று. எச்சில் விழுங்கியவருக்கு இரண்டு. எங்கள் முகத்தைக் கவனித்துக் குறிப்பதற்காக இரண்டு ஊழியர்கள் கேக்கைத் தின்றுகொண்டே எங்கள் முன்னால் நடந்தார்கள்.

இயக்குநர் பேசினார். "காத்திருப்பும் ஒரு சிகிச்சைதான். இன்னும் சொல்லப்போனா, அதுதான் பாதுகாப்பான சிகிச்சை. இந்தப் பிரிவு ஆரம்பிச்ச நாள்ல இருந்து, எங்ககிட்ட வந்தவங்கள்ல ஒருத்தருக்குக்கூட ஆபரேஷன்ல எந்தச் சிக்கலும் வந்தது கிடையாது!"

எல்லாரும் கை தட்டினார்கள். கண்டக்டர் கையைத் தூக்கினார். "சார், இதுவரைக்கும் எத்தனை பேருக்கு ஆபரேஷன் ஆகியிருக்கு?"

இயக்குநர் வருத்தத்தோடு அவரைப் பார்த்தார். "இந்த மாதிரி அவசரந்தான் எங்க சாதனையைக் கெடுக்கப் பார்க்குது. ஒரு ஆபரேஷன் நடந்தா ஒரு சிக்கல் வரலாம். நடக்காதவரைக்கும் நூத்துக்கு நூறு. இதைவிட உங்களுக்கு என்ன வேணும்?"

"ஆபரேஷன் வேணும் சார்."

கண்டக்டரின் பாக்கியில் அன்றைக்கு ஒன்றரைக் கிலோ ஏறியது.

அடுத்த வாரம் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். வெள்ளிக்கிழமையோடு ஆண்டுக் கணக்கு முடிகிறது. அதற்குள் தயார் என்று தேறாதவர்கள் எல்லாரும் புதியவர்களாகக் கருதப்பட்டு முதல் வகுப்பிலிருந்து தொடங்க வேண்டும். பழைய பாக்கி மட்டும் பழையபடியே தொடரும்.

அந்த வாரம்தான் கிடங்கு முதலாளி என்னைக் கூப்பிட்டு, "உன் மூட்டை குறைஞ்சுக்கிட்டே வருதும்மா. உக்காந்து பார்க்கிற வேலை என்கிட்ட கிடையாது" என்றார். அந்த வாரம்தான் என் வீட்டுக்காரர் காலையில் எழுந்து முகம் கழுவாமல் என் பக்கத்திலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். "நேத்து ரொம்ப நேரம் மூச்சு வரல. நான் தட்டினேன், நீ எழுந்திரிக்கல. ரெண்டு கையாலயும் உலுக்கினேன்" என்றார். அன்றைக்கு அவர் வேலைக்குப் போகவில்லை. இன்னொரு வருடம் வகுப்பில் கை தட்ட நான் உயிரோடு இருப்பேனா என்பதுதான் எங்கள் இருவர் மனதிலும் ஓடியது.

வெள்ளிக்கிழமை அவரும் கூட வந்தார். நான் திரைக்குப் பின்னால் போய் மேடையில் ஏறினேன். எடை பார்ப்பவர் அட்டையைத் தூக்கிப் பார்த்தார், அவர் முகம் மாறியது, அதிகாரியின் காதில் கிசுகிசுத்தார்.

"இன்னும் நாலு கிலோ சொச்சம் பாக்கி இருக்கும்மா" என்றார் அதிகாரி. "அடுத்த வருஷம் பார்க்கலாம்."

"இருக்காதுங்க. உடம்பு குறைஞ்சிருக்கு. எனக்குத் தெரியாதா?"

"குறைஞ்சிருக்கு, இல்லைன்னு சொல்லல. ஆனா வேலைக்கு நடந்து போய்க் குறைச்சீங்கன்னு கேள்விப்பட்டேன். அது உங்க சொந்த முயற்சி. பிரிவோட கணக்குல அதைச் சேர்க்க முடியாது. எங்க ஊக்கத்தால குறைஞ்சதைத்தான் வரவு வைப்போம்."

"உங்க ஊக்கத்தால எவ்வளவுங்க குறைஞ்சது?"

"அதை ஆராய்ச்சி பண்ணிக்கிட்டு இருக்கோம். சரி, இறங்குங்கம்மா. அடுத்தவங்க வரணும்."

நான் இறங்கவில்லை. கிடங்கில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எடைமேடையில் நிற்கிறவள்தான் எடையைக் கத்திச் சொல்ல வேண்டும். வரிசையில் அடுத்து நிற்கிறவள் அதைத் திருப்பிச் சொல்லுவாள். இரண்டு குரல் கேட்ட பிறகுதான் கணக்குப்பிள்ளை எழுதலாம். கிலோவுக்குக் கூலி வாங்குகிறவர்கள் காதோடு சொன்ன எடையை நம்ப மாட்டோம். குரல் கொடுக்காமல் மேடையை விட்டு இறங்கினால் அந்த மூட்டை போனதுதான்.

குனிந்து அந்த அட்டையைப் பிடித்து இழுத்தேன். நல்ல கெட்டி அட்டை, முதல் தரம். கிடங்கில் நல்ல விலைக்குப் போகும். பிய்ந்து கையோடு வந்தது. எண் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

"நூத்தி ஏழு கிலோ எண்ணூறு!" என்று கத்தினேன்.

எடை பார்ப்பவர் காதைப் பொத்திக்கொண்டார். அதிகாரி, "அம்மா! ரகசியம்! ரகசியம்!" என்று பதறினார். திரைக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. அவர்களுக்கு எங்கள் வழக்கம் எப்படித் தெரியும்? ஒருத்தரும் திருப்பிச் சொல்லவில்லை. ஆனாலும் இன்னொரு தடவை, இன்னும் பலமாகக் கத்தினேன். "நூத்தி ஏழு கிலோ எண்ணூறு!"

"நூத்தி ஏழு எண்ணூறு! நூத்தி ஏழு எண்ணூறு!" என்று பதில் வந்தது. கண்டக்டர். நெரிசலில் கடைசிப் படியில் தொங்குகிறவனுக்கும் கேட்கும்படி நிறுத்தத்தின் பெயரைச் சொல்லிப் பழகிய குரல். நான்கு மாடிக்கும் கேட்டிருக்கும்.

தையல்காரம்மா திரையை ஒரே இழுப்பில் விலக்கினாள். "தள்ளிக்கோம்மா, நான் ஏறுறேன். ஊருக்கெல்லாம் அளவெடுத்துச் சத்தமாச் சொல்லித்தான் எழுதிக்கிறேன், என் அளவைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்?" ஏறினாள். "தொண்ணூத்தி ஆறு முந்நூறு!" வரிசையில் நின்ற எல்லாரும் சேர்ந்து திருப்பிச் சொன்னோம். கண்டக்டர் ஏறினார். "நூத்தி முப்பத்தி ரெண்டு! ரைட், போலாம்!" அதுவரை தலையைக் குனிந்தே நின்றிருந்தவர்கள் எல்லாரும் முண்டியடித்துக்கொண்டு வந்தார்கள். தன் எடையைச் சொல்லிவிட்டு ஒருத்தர் சிரித்தார். ஒருத்தர் தன் மனைவிக்கு போன் போட்டுச் சொன்னார்.

அதிகாரி ஊக்கமானியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முள்ளை இப்படியும் அப்படியும் திருப்பினார். எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

சத்தம் கேட்டு சர்ஜன் வந்தார். படி ஏறித்தான் வந்தார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார்.

"நீங்களா? மாடிக்குப் போயிட்டு வர்றேன்னு போனவங்க, அதுக்கப்புறம் வரவே இல்லையேம்மா?"

"இவங்க விடல டாக்டர். ஒன்பது கிலோ எழுநூறு கட்டிட்டு வரச் சொன்னாங்க."

"யாருக்கு?"

யாருக்கு என்று எனக்கும் தெரியவில்லை. எல்லாரும் அதிகாரியைப் பார்த்தோம். அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"நான் கேட்டது கொஞ்சம் பத்தியம், கொஞ்சம் பழக்கம். அவ்வளவுதானே?" என்றார் சர்ஜன். "வருஷம் பூரா ஆபரேஷன் தியேட்டரைக் கழுவிக் கழுவி வெச்சிட்டு உக்காந்திருக்கேன். ஒரு ஆளையும் காணோம். ஏன்னு கேட்டேன். எனக்கு ஊக்கம் போதலன்னு சொல்லி என்னையும் ஒரு வகுப்புல சேர்த்துட்டாங்க."

"சொல்லக் கூடாதுதான் சார். ஆனா நீங்க ரெண்டு வகுப்புக்கு வரல" என்றார் அதிகாரி.

சர்ஜன் அதிகாரியைத் தாண்டி எடைமேடைப் பக்கம் வந்தார். என் எடையைத் தன் கண்ணாலேயே பார்க்க வேண்டும் என்றார். மறுபடி ஏறினேன். மறுபடி கத்தினேன். மறுபடி திருப்பிச் சொன்னார்கள். அவர் அறையில் பார்த்த எடையிலிருந்து பத்து கிலோ நானூறு குறைந்திருந்தது. எனக்கும் கண்டக்டருக்கும் தையல்காரம்மாவுக்கும் அங்கேயே நின்று தேதி சொன்னார். திங்கள், செவ்வாய், புதன். மற்றவர்களுக்குக் கீழே வந்தால் சொல்வதாகச் சொன்னார். எல்லாரும் படிக்கட்டுப் பக்கம் திரும்பினார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். தூக்கமா அழுகையா என்று தெரியவில்லை.

அதிகாரி வழக்கமான மரியாதையோடு ஒரு காகிதத்தைத் தயாரித்துக்கொண்டு வந்தார். "இதுல ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா. எங்க கோப்பை மூடணும்."

அதில் இப்படி இருந்தது: 'இவர் ஊக்கம் போதாமையாலும், காத்திருக்கும் திறன் இல்லாமையாலும், இப்பிரிவிலிருந்து நீக்கப்பட்டு அறுவை சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறார். எடை பாக்கி: வசூலிக்க இயலாததால் தள்ளுபடி.'

"இப்படி எழுதினாத்தான் எங்க சாதனைக்குப் பங்கம் வராது" என்றார். "உங்களுக்கும் நல்லதுதானே? மொத்தக் கடனும் தள்ளுபடி."

"போட்டுக் குடுத்துடும்மா. தேதி கிடைச்சாச்சு, இனி எதுக்கு வம்பு?" என்றார் என் வீட்டுக்காரர்.

நான் எழுத்துக்கூட்டி இரண்டு தடவை படித்தேன். ஊக்கம் போதாது என்று எழுதியிருந்ததை விட்டுவிட்டேன். அது அவர்கள் முள், எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும். பேனாவை வாங்கி, 'வசூலிக்க இயலாததால் தள்ளுபடி' என்பதன் மேல் ஒரு கோடு இழுத்தேன்.

"ஐயோ, அடிச்சுத் திருத்தினா செல்லாதும்மா!"

"எனக்குச் செல்லும்" என்றார் சர்ஜன், படிக்கட்டில் இருந்தபடியே.

அடித்த இடத்துக்கு மேலே, கிடங்கு மூட்டையில் எழுதுகிற அளவுக்குப் பெரிய எழுத்தில், 'கட்டியாச்சு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.